எப்படிப் பெயரிடுவது?

1986-ஆம் ஆண்டு இளையராஜா ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் பாட்டு வரி இல்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, மழையில் நனைவதற்கு ஒரு காட்சியும் இல்லை. ‘ஹவ் டு நேம் இட்?’ என்று அதற்குப் பெயர். எப்படிப் பெயரிடுவது என்று கேட்பதையே பெயராக வைத்துவிட்டார். ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளுக்கும் காணிக்கையாக அளிக்கப்பட்ட படைப்பு அது.

அந்த ஆண்டில் அவர் இருந்த இடத்தை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர், பத்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஒலித்துக்கொண்டிருந்தார். ‘மௌன ராகம்’, ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ எல்லாம் அதே 1986-இல் வந்தவை. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், யாரும் கேட்காத ஒன்றைத் தானாக எழுதினார். அதற்கு மக்கள் என்ன சொன்னார்கள், இன்றும் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் சித்தப்பாவிடம் அந்த ஒலிநாடா இருக்கிறது. ஓட்டுவதற்குத்தான் வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. கைப்பேசியில் அதே இசை கிடைக்கிறது என்பதால், சென்ற கோடை விடுமுறை முழுவதும் ஊரில் அகப்பட்டவர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்கச் செய்தேன். சிலர் பாதியில் எழுந்து போனார்கள். போனவர்களின் கருத்தையும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் என்பது எங்கள் விஜயராகவப் பெருமாள் கோயிலின் வரலாறு. பிள்ளைப்பேறு வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், நினைத்தது நடக்குமானால் மறுநாள் காலையில் அது முளைவிட்டிருக்கும் என்று நம்புகிற ஊர். வறுத்த பயறு முளைக்கும் என்று நம்புகிற எங்களூர்ப் பெரியவர்களுக்கு, வயலின் கூட்டத்துக்குள்ளிருந்து தியாகையர் முளைப்பதை மட்டும் நம்ப முடியவில்லை!

முதல் கருத்து பாலுசெட்டிசத்திரம் தேநீர்க் கடையில் கிடைத்தது. கடைக்காரர் இளையராஜாவின் பரம ரசிகர். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, பாட்டு எப்ப வரும்?” என்றார். இது முழுதும் வாத்தியம்தான் அண்ணே என்றேன். “அப்ப இது பின்னணி இசை. படத்தைக் காணோம், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் பால் ஆற்றப் போய்விட்டார்.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. 1988-இல் வெளிவந்த ‘வீடு’ படத்தில் பாலுமகேந்திரா இந்தத் தொகுப்பின் இசையையே பின்னணியாகப் பயன்படுத்தினார். சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி படும் பாடுதான் கதை. அதில் நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வரும் காட்சியைக் கண்டு கலங்காதவர் உண்டா? தனியாகக் கேட்டபோது ‘புரியவில்லை’ என்று தள்ளப்பட்ட அதே இசை, படத்தோடு வந்தபோது ஒரு மறுப்பும் இன்றி நெஞ்சுக்குள் போய்விட்டது. அப்படியானால் காதில் குறையில்லை. தனியாக உட்கார்ந்து கேட்கும் பழக்கந்தான் நமக்கு இல்லை.

அடுத்து, எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசிக்கும் நாகசுரக் கலைஞர் ஒருவர். ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்ற பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு. ஆனா ராகம் ஓடிக்கிட்டே இருக்குது, ஒரு எடத்துல நின்னு நம்மளப் பார்க்க மாட்டேங்குது” என்றார். நான் கேட்ட கருத்துகளிலெல்லாம் கனமானது இதுதான்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் இசையில் ஒரு சுரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. அசைந்து, வழுக்கி, பக்கத்துச் சுரங்களைத் தொட்டு வருகிறது. கமகம் என்பது அதுதான். மேலை இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை ஒலிக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நிலையாக நிற்க வேண்டும். ஒருவர் அசைந்தாடினால் பக்கத்தில் நிற்பவர் மேல் இடிப்பார். ஆகவே இரண்டையும் சேர்க்க நினைப்பவர் எங்கேயாவது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இளையராஜா, முன்னே நிற்கும் வயலினுக்கு அசையும் உரிமையைக் கொடுத்து, பின்னே நிற்கும் தந்திக் கருவிகளைக் கட்டுக்குள் வைக்கிறார். அந்த முன்வரிசை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இவர் இல்லாமல் இந்தத் தொகுப்பு இல்லை என்பேன். பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ என்ற நால்வர் குழுவை அமைத்து, கருநாடக இசை உருப்படிகளை இதே வழியில் வாசித்துக் காட்டியவரும் அவரே. நாகசுரக்காரர் சொன்ன குறை உண்மைதான். ஆனால் அது செய்தவருக்குத் தெரியாமல் நேர்ந்த குறை அல்ல, தெரிந்தே கொடுத்த விலை. அந்த விலைக்கு என்ன வாங்கினார் என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

என்ன வாங்கினார் என்பதை எனக்குச் சொன்னவர் என் பெரிய மாமா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவர். பாக் பெயரை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்ற பகுதியைக் கேட்டார். ஃபியூக் என்பது ஒரு குரல் சொன்ன சிறு கருத்தை அடுத்த குரல் வேறு சுருதி நிலையில் எடுத்துச் சொல்ல, முதற்குரல் ஓயாமல் வேறொன்றைப் பேசிக்கொண்டே போகும் அமைப்பு. மாமா இரண்டாம் முறை போடச் சொன்னார். பிறகு, “இது கோர்வை மாதிரி இருக்குதுடா” என்றார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். தறியில் ஒருவர் போதாது, மறுபக்கம் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். “கரையும் உடலும் கலந்து ஒரே நெறமாயிட்டா அது சாயம் போன சேலை. தனித்தனியா நின்னா கிழிஞ்ச சேலை” என்றார் மாமா. எந்த இசை விமரிசகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தொகுப்பு முழுதும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியைப் பலரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னுரைப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி மற்றத் தந்திகளுக்குத் தம் சொந்த இழைகளைக் கொடுத்திருக்கிறார். திறமையில் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பாக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்காரர்தான் ஓடியாடி உபசரிக்கிறார். தியாகையருக்கு வரவேற்பு சொல்லும் பகுதியில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. அங்கே வந்தவரும் வரவேற்றவரும் சேர்ந்து நடக்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. எல்லாப் பகுதிகளுக்கும் ஆங்கிலத்தில் பெயர். திருவையாற்றுத் தியாகையரும் ஆங்கிலத்தில்தான் வரவேற்கப்படுகிறார்! பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமை மேடைகளில் பாமரர்க்காகப் பாடித் திரிந்தவர், இந்த ஓர் இடத்தில் மட்டும் பாமரனுக்கு வாசலை ஒருக்களித்து வைத்துவிட்டார். தேநீர்க் கடைக்காரருக்கு இசை அன்னியமாகும் முன்னே பெயர் அன்னியமாகிவிட்டது.

ஆனால் நான் பொறுத்துக்கொள்ள முடியாத கருத்து ஒன்று உண்டு. படித்தவர்கள் சொல்வது. காஞ்சிபுரத்தில் மேலையிசை பயிலும் நண்பர் ஒருவர், “பாக்கைத் தொட இவருக்கு என்ன அவசியம்?” என்றார். கருநாடக இசையில் ஊறிய முதியவர் ஒருவர், “சினிமாக்காரனுக்குத் தியாகராஜர் எதற்கு?” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இசை நன்றாயிருக்கிறதா என்பது அல்ல கேள்வி. இந்த ஆள் இங்கே வரலாமா என்பதே கேள்வி.

இது புதிதும் அல்ல. 1985-இல் ‘சிந்து பைரவி’ படத்தில் தியாகையரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையைக் காம்போதியிலிருந்து எடுத்துச் சாரமதியில் அமைத்து, ஒரு நாட்டுப்புற மெட்டோடு இணைத்தபோதும் இப்படித்தான் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். தேசிய விருது வந்த பிறகும் சுளித்த முகம் நிமிரவில்லை.

வரலாறு தெரிந்தவர்கள் இப்படிப் பேசலாமா? இன்று கருநாடகக் கச்சேரிக்கு உயிர்நாடியாக இருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? காஞ்சியில் தங்கிக் கீர்த்தனைகள் பாடிய முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியரிடம் கற்றுக் கொண்டுவந்த கருவி அது. தீட்சிதரே வெள்ளையரின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டுக்கூட அவற்றில் ஒன்று. தீட்சிதர் செய்தால் பரந்த உள்ளம், பண்ணைப்புரத்துக்காரர் செய்தால் அத்துமீறலா?

பாக் பக்கமும் பார்ப்போம். 1705-இல், இருபது வயதில், ஆர்ன்ஷ்டாட் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பாக், பெரிய இசைஞர் ஒருவரைக் கேட்பதற்காக நானூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த லூபெக் நகருக்குக் கால்நடையாகவே போனார் என்பார்கள். நான்கு வாரம் விடுப்பு வாங்கிப் போனவர் திரும்பி வந்தது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. 1706-இல் தேவாலயத்தார் அவரை அழைத்து விசாரித்தார்கள். விடுப்புக்காக மட்டும் அல்ல. வழிபாட்டுப் பாடல்களில் விநோதமான சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பதும் குற்றச்சாட்டு. ஆக, “பாட்டு எப்ப வரும்?” என்ற கேள்வியைப் பாக்கும் சந்தித்தவர்தான்! அந்தச் சபையாரின் பிள்ளைகள்தாம் இன்று பாக்குக்கு வேலி கட்டுகிறார்கள்.

இதில் நம் சங்கதி ஒன்று அடங்கியிருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ‘இதெல்லாம் நமக்கு எதற்கு’ என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள். ஆங்கில இலக்கியம் எடுத்தால் நமக்கு எதற்கு, ஆராய்ச்சி என்றால் நமக்கு எதற்கு. பிறர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடுதியில் என் அறைத் தோழன் இந்த இசையை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “இது பெரிய இடத்துச் சமாச்சாரம் மச்சான், நமக்குச் செட் ஆகாது” என்று தானாகவே எழுந்து போனபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை? தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்பதற்கு முன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அவருக்கே செட் ஆகும்போது நமக்கு ஆகாதா?

அவரும் இந்தக் கேள்விகளுக்காக நின்றுவிடவில்லை. 1988-இல் அரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. 1993-இல் லண்டனில் ஒலிப்பதிவான சிம்பொனி வெளிவராமலே போயிற்று. 2005-இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு திருவாசகம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. ஒவ்வொரு முறையும் அதே இரு கட்சிகள், அதே வாதங்கள். கேட்டுவிட்டுப் பேசியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்கு எழும் ஐயம்.

தொகுப்பில் ‘டோன்ட் கம்பேர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒப்பிடாதே என்று பொருள். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “இரண்டு மரபை ஒரே மேடையில் நிற்க வைத்துவிட்டு ஒப்பிடாதே என்றால் எப்படியப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பிடுவதற்கும் இரண்டையும் கேட்டிருக்க வேண்டுமே ஐயா என்றேன். சிரித்துக்கொண்டே, கைப்பேசியை வாங்கிக் காதருகில் வைத்துக்கொண்டார்.

நுண்கலை மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒரு மாலைப் பொழுது, கலையரங்க ஒலிபெருக்கியில், பேச்சும் வாழ்த்துரையும் இல்லாமல் இதை முழுதாகப் போட வேண்டும். பிள்ளையார்பாளையத்து மாமாவையும் திருப்புட்குழி நாகசுரக்காரரையும் அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. தேநீர்க் கடை அண்ணன் கடையை அடைத்துவிட்டு வருவாரா என்பதுதான் தெரியவில்லை.