ஊர் அறியாதவரின் உரிமை



வழி தவறி நிற்பவருக்கு வழிகாட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தர்மங்களுள் ஒன்றாகக் கூறினார்கள். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது (9:60). சொந்த ஊரில் வசதியாக வாழ்பவரும் அயலூரில் ஆதரவற்றவராக நிற்க நேரிடலாம் என்பதை மார்க்கம் அறிந்தே வைத்திருக்கிறது. சிம்மக்கல்லிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நமக்கு இக்கடமை அன்றாடம் வாசலில் வந்து நிற்கிறது.

சிம்மக்கல்லுக்குத் தெற்கே மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகள். வடக்கே வைகையைக் கடந்தால் கோரிப்பாளையம் தர்காவும் அரசு இராசாசி மருத்துவமனையும். ஆகவே இவ்வழியே செல்வோர் அனைவரும் சுற்றுலா வந்தவர்கள் அல்லர். 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நாடியும், அரசு மருத்துவமனையை நம்பியும் வெளியூர்க் குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் மதுரை வந்த இப்னு பதூதா இங்கே கொள்ளைநோயைக் கண்டார். தாமும் காய்ச்சலில் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்து நலம்பெற்றதாகத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அயலூரில் நோயோடு நிற்கும் பயணி இவ்வூருக்குப் புதியவர் அல்லர்.

அவ்வாறு வருவோருக்கு நாம் சொல்ல வேண்டியவை சில.

முதலாவது, வீதிகளின் ஒழுங்கு. கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி எனச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்னும் திசை உண்டு. இதனை அறிந்தவர் பழைய மதுரைக்குள் எளிதில் வழி தவறமாட்டார். சென்னை, திருச்சி, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பேருந்துகளுக்கு மாட்டுத்தாவணி. கோவை, தேனிப் பேருந்துகளுக்கு ஆரப்பாளையம். சித்திரை மாதப் பௌர்ணமியையொட்டி அழகர் வைகையில் இறங்கும் நாள்களில் கோரிப்பாளையம், சிம்மக்கல் பகுதிகளில் மக்கள் வெள்ளம் பெருகும். மருத்துவரைக் காண வருவோர் அந்நாள்களைத் தவிர்த்துத் தேதி கேட்பது நலம்.

இரண்டாவது, தொழுகை. ரயில் நிலையத்திலிருந்தும் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்தும் நடந்து செல்லும் தொலைவில் காஜிமார் பெரிய பள்ளிவாசல் உள்ளது. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆயினும் உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது நான்காகவே நிறைவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, உணவு. இறைச்சி ஹலாலா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பணிவாகக் கேட்டால் கடைக்காரர் எவரும் வருந்தமாட்டார். விளக்குத்தூண் பக்கம் சென்றால் ஜிகர்தண்டா அருந்தலாம். பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை கலந்த அப்பானத்தில் உள்ள கடற்பாசி தாவர வகையே, ஐயம் தேவையில்லை. அருகிலேயே 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய மகால் இருக்கிறது. அதனை வடிவமைத்தவர் ஓர் இத்தாலியர் என்றும் சொல்வதுண்டு.

இவை வருவோருக்கு. இனி நமக்கு.

அந்த இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரம், ஒரு நாள் மட்டும் வந்து செல்வோரிடம் குறிப்பிட்ட நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024இல் தொடங்கியது. கூட்டத்தின் சுமை தாளாமல் எடுத்த முடிவு அது. அக்கட்டணம் வெளிப்படையானது; அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது. நம் ஊரில் அத்தகைய கட்டணம் இல்லை. ஆனால் ஊர் அறியாதவர் என்று தெரிந்ததும் ஆட்டோவிலும் அறை வாடகையிலும் ஏற்றிச் சொல்லப்படும் தொகை, அறிவிக்கப்படாத நுழைவுக் கட்டணமே அன்றி வேறென்ன?

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை அறியாதவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். விலை தெரியாதவரின் அறியாமை நம்முடைய இலாபத்துக்கான வாய்ப்பு அன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வாடகை வண்டி ஓட்டுபவரும் விடுதி நடத்துபவரும் நம்முள் இருக்கிறார்கள். மற்றவர்களைக் குறை கூறுமுன் நாம் தொடங்குவோம்.

இன்னொன்றும் உண்டு. கணவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் பெண் லுஹர் தொழ எங்கே செல்வார்? பெண்களுக்கு வீட்டில் தொழுவதே சிறந்தது என்பர். ஏற்போம். ஆனால் இவ்வூரில் அவருக்கு வீடு இல்லையே! பெண்களைப் பள்ளிவாசலிலிருந்து தடுக்க வேண்டாம் என்பதும் நபிமொழிதான். இடம் இல்லை, பராமரிக்க ஆள் இல்லை என்று நிர்வாகங்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கலாம். பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. தனி வாயில் உள்ள ஒரு சிறு அறை, ஒரு திரை, உளூச் செய்ய ஒரு குழாய், ஒரு கழிப்பறை, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஓர் அறிவிப்புப் பலகை, இவ்வளவு போதும். மருத்துவமனைகளுக்கு அருகிலுள்ள ஜமாஅத்துகள் முதலில் இதனைச் செய்தால் மற்ற மஹல்லாக்கள் பின்தொடரும்.

வருபவர் மகாலை மறக்கலாம். ஜிகர்தண்டாவின் சுவையையும் மறக்கலாம். நியாயமான வாடகை சொன்னவரையும் தொழ இடம் தந்த பள்ளிவாசலையும் மறக்கமாட்டார். பயணியின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழி. அந்த துஆவில் நம் ஊருக்கும் இடம் கிடைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.