ஸ்கை டைவிங் ஆசையா? பாராசூட்டை மட்டும் பார்த்தா போதாது... ஏத்திட்டுப் போற குட்டி விமானத்தையும் பாருங்க!

சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில் இருந்து மீண்டும் பயணிகள் விமானங்கள் வந்து போகின்றன. அதற்கு முன்பு ரன்வே சும்மா கிடந்த காலத்தில் அங்கே ஸ்கை டைவிங் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். 2014 பிப்ரவரியில் அங்கு குதித்த பெங்களூரு இளம்பெண் ஒருவர், பாராசூட் சரியாகத் திறக்காமல் உயிரிழந்தார்.

அதனால் கொங்கு பக்கம் ஸ்கை டைவிங் என்றாலே முதல் கேள்வி, 'பாராசூட் திறக்குமா?' என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குதிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து போகும் விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

காசு கட்டுவது ரெண்டே பேர்

உலகம் முழுக்க சின்ன அளவில் ஸ்கை டைவிங் நடத்துபவர்கள் அதிகம் நம்புவது செஸ்னா 182 மாதிரியான ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானங்களை. சுமார் 230 குதிரைத்திறன். பைலட் சீட்டைத் தவிர மற்ற சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தரையிலேயே 4 பேரை உட்கார வைப்பார்கள். முதல்முறை குதிப்பவர் பயிற்றுநருடன் சேர்த்துக் கட்டப்பட்டுத்தான் குதிப்பார். அப்படியென்றால் 4 பேரில் காசு கட்டியவர்கள் 2 பேர்தான்!

இந்த 2 பேர் கட்டணத்தில்தான் எரிபொருள், பராமரிப்பு, பைலட் சம்பளம் எல்லாம் வரவேண்டும். எரிபொருளும் லேசில் கிடைக்காது. ஏர்பஸ், போயிங்குக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை. பிஸ்டன் இன்ஜினுக்குத் தேவை ஏவ்கேஸ் என்ற பெட்ரோல் வகை. இந்தியா இதை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் தன் குஜராத் ஆலையில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. ஆக, 'இன்னொரு ட்ரிப் அடிச்சிடலாம்' என்ற அவசரம் இந்தத் தொழிலில் எப்போதும் இருக்கும். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான்.

வெயில் அடித்தால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரம். 35 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், விமானத்தைப் பொறுத்தவரை அது 4,000 அடி உயரத்தில் இருந்து கிளம்புவது போல. ரன்வேயில் அதிக தூரம் ஓடும், மெதுவாக ஏறும். 10,000 அடியை நெருங்கும்போது டர்போ இல்லாத இன்ஜின் தன் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும்.

அங்கே போனதும் பைலட் வேகத்தைக் குறைக்க வேண்டும். கதவு திறக்கும். உள்ளே இருப்பவர்கள் கதவுப் பக்கம் நகர்வார்கள். எடை பின்பக்கம் சாய்ந்து, வேகமும் குறைந்தால், இறக்கை விமானத்தைத் தாங்காமல் போகலாம். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள்.

2019 ஜூலையில் ஸ்வீடனின் உமியோ நகருக்கு அருகே ஏர்வேன் என்ற ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானம், குதிக்கும் உயரத்தை நெருங்கும்போது விழுந்து நொறுங்கியது. பைலட்டும் 8 ஸ்கை டைவர்களும் இறந்தனர். குறைந்த வேகம், வால் பக்கம் கூடிய எடை, மேகமூட்டம், பைலட்டின் அனுபவத்துக்கு மீறிய வேலைப்பளு ஆகியவற்றையே விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. அத்தனை பேர் முதுகிலும் பாராசூட் இருந்தது. சுழன்று விழும் விமானத்திலிருந்து ஒருவராலும் தப்ப முடியவில்லை.

குதித்து முடித்த பிறகும் பைலட்டுக்கு வேலை இருக்கிறது. சூடேறிய இன்ஜினின் சக்தியை ஒரேயடியாகக் குறைத்து வேகமாக இறக்கினால் சிலிண்டர்கள் விரிசல் விடலாம் என்பதால், படிப்படியாகக் குறைத்து இறக்குவதே நல்ல பழக்கம்.

கோவையில் எங்கே குதிப்பது?

பீளமேட்டில் பயணிகள் விமானங்கள், பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் போனால் தென்னந்தோப்பு, மின்கம்பி, காற்றாலை. அந்தக் காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான். அமெரிக்க பாராசூட் சங்க விதிப்படி, தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஆடிக்காற்றில் இதெல்லாம் நடக்கிற கதையா? ஜனவரி பக்கம்தான் சரிப்படும். பொள்ளாச்சி பலூன் திருவிழாவும் அந்த மாதம்தானே நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அவசரகாலம் தவிர பாராசூட்டில் குதிக்க முன் அனுமதி தேவை என்பது விமான விதிகளில் பழைய ஏற்பாடு. 2022-ல் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டு, ஸ்கை டைவிங்கையும் அதற்குள் கொண்டுவந்தது. சேலம் மரணம் நடந்தது அதற்கு 8 ஆண்டுகள் முன்பு.

விளம்பரத்தைப் பார்த்து பணம் கட்டும் முன், விமானத்தின் தகுதிச் சான்றிதழ், டிஜிசிஏ அனுமதி இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். எடை மெஷினில் நிற்கச் சொன்னால் கூச்சப்பட்டு 5 கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். பைலட் கணக்குப் போடுவது அந்த எண்ணை வைத்துத்தான். எடையே பார்க்காமல் 'ஏறுங்க சார்' என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம். உங்கள் விபத்துக் காப்பீட்டு பாலிசியையும் ஒருமுறை புரட்டுங்கள். சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.