வலியில்லாத மஞ்சளை நம்பாதீர்கள்

அப்பாவின் கண்கள் மஞ்சளானபோது ஊரே சொன்னது ஒன்றுதான்: "கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுங்க, உப்பு, எண்ணெய் சேர்க்காதீங்க." மூன்று வாரம் கொடுத்தோம். வயிற்றுவலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் எங்களுக்குப் பயமும் இல்லை. ஆனால் இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

மருத்துவர் முதலில் கேட்டது, "ஐயா, மலம் என்ன நிறத்துல போகுது?" வெளுத்த களிமண் மாதிரி என்றார் அப்பா. வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார் மருத்துவர். பித்தப்பை வலியின்றிப் புடைத்திருந்தது. அப்படி இருந்தால் பித்தக்குழாயை அடைத்திருப்பது பெரும்பாலும் கல்லாக இருக்காது என்று 1890-லேயே எழுதிவைத்தார் சுவிஸ் அறுவை மருத்துவர் கூர்வாசியே. ரத்தப் பரிசோதனையில், உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் 14; ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது.

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. கல்லீரல் அழற்சியா, கல்லா, கட்டியா என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது தவறு. கல் என்றால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி மூலமே எடுத்துவிடலாம். கட்டியென்றாலும், பரவுவதற்கு முன் கண்டால் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு.

கீழாநெல்லி மீது எனக்குக் கோபமில்லை. கைவிட்டுப்போன அந்த மூன்று வாரங்களை நினைத்துத்தான் நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு மஞ்சளோடு அரிப்பும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால், அந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.