ஐந்து முறை உலக சாம்பியன்... ஒரே ஒரு ஒலிம்பிக்! கராத்தே வீரர் ரஃபேல் அகாயேவ் கதை நமக்குச் சொல்வது என்ன?

கராத்தேயில் உலகத்திலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டால் சட்டென்று என்ன பதில் சொல்வீர்கள்? நம்மில் பாதிப் பேர் 'புரூஸ் லீ' என்போம். அவர் கற்றது குங்ஃபூ, கராத்தே இல்லை. மீதிப் பேர் ஏதாவது ஒரு சினிமா ஹீரோ பெயரைச் சொல்லி மழுப்புவோம். தெருவுக்குத் தெரு கராத்தே கிளாஸ் போர்டு தொங்குகிறது. ஆனால், அந்த விளையாட்டின் ஒரு சாம்பியன் பெயர்கூட நமக்குத் தெரியாது. இது நம்ம தப்பு மட்டும் இல்லைங்க. அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

அந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஒருவரைத் தெரிந்துகொண்டால் போதும். பெயர் ரஃபேல் அகாயேவ். நாடு அஜர்பைஜான். ஐந்து முறை உலக சாம்பியன், பதினோரு முறை ஐரோப்பிய சாம்பியன். கிரிக்கெட்டில் சச்சினைப் பற்றிப் பேசுவதுபோல கராத்தேக்காரர்கள் இவரைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால், வெளியுலகம் இவரைக் கவனித்தது ஒரே ஒரு நாள். அதுவும் இவர் தோற்ற நாள்.

தடை செய்யப்பட்ட நாட்டில் பிறந்தவர்

அகாயேவ் பிறந்தது 1985 மார்ச் 4-ம் தேதி. ஊர், காஸ்பியன் கடலோரம் இருக்கும் சும்காயித். தலைநகர் பாகுவுக்குப் பக்கத்தில், ரசாயனத் தொழிற்சாலைகளுக்காகவே சோவியத் காலத்தில் வளர்ந்த நகரம் அது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சோவியத் யூனியன் 1984-ல் கராத்தேயைத் தடை செய்தது. அதற்கு முன்பே, அனுமதியில்லாமல் கராத்தே சொல்லிக்கொடுப்பது குற்றம் என்று சட்டம் வந்திருந்தது. அதாவது, எதிர்கால கராத்தே சாம்பியன் பிறந்தபோது அவர் நாட்டில் கராத்தேக்கு அனுமதியே கிடையாது! 1989-ல்தான் தடை நீங்கியது. 1991-ல் சோவியத் யூனியனே உடைந்தது. தனி நாடான அஜர்பைஜான் அடுத்த சில ஆண்டுகள் போரில் சிக்கித் தவித்தது. அப்படியொரு காலத்தில் தொழிற்சாலை நகரத்தில் வளர்ந்த பையன் இவர்.

உருவத்திலும் ஆள் பிரமாண்டம் எல்லாம் இல்லை. குள்ளமான, கட்டுமஸ்தான உடம்பு. எதிரே நிற்பவரின் கை, கால் எல்லாமே இவருடையதைவிட நீளமாக இருக்கும். பிறகு எப்படி ஜெயித்தார்?

மூன்று நிமிடக் கணக்கு

இதற்கு கராத்தே சண்டையின் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரொம்பக் கஷ்டம் இல்லை.

போட்டி கராத்தேயில் இரண்டு வகை உண்டு. 'கட்டா' என்பது தனியாளாக அசைவுகளைச் செய்து காட்டுவது. 'குமித்தே' என்பது ஆளோடு ஆள் மோதுவது. குமித்தேயில் ஒரு சண்டைக்கு மூன்று நிமிடம். சரியான குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்குப் போகும் உதைக்கு மூன்று. எதிராளியைக் கீழே தள்ளிவிட்டு, அந்த நொடியே ஒரு குத்து வைத்தால் அதற்கும் மூன்று. கடைசியில் சமநிலை என்றால், எதிராளி புள்ளி எடுப்பதற்கு முன் முதல் புள்ளியைத் தனியாக எடுத்தவருக்கு வெற்றி.

அகாயேவின் சொத்தே அந்த 'கீழே தள்ளும்' வித்தைதான். கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே புகுவார். எதிராளியின் முன்காலைத் தன் காலால் வாரிவிடுவார். அவர் தரையைத் தொடும்போது குத்து போய்ச் சேர்ந்திருக்கும். நீளமான கை கால் உள்ளவருக்குத் தூரம் சாதகம் என்றால், அந்தத் தூரத்தையே இல்லாமல் செய்துவிடுவது இவருடைய வழி.

2006-ல் பின்லாந்தின் தம்பேரேயில் முதல் உலகப் பட்டம். 2008-ல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் இரட்டைத் தங்கம். அதில் ஒன்று, எடை வரம்பே இல்லாத திறந்த பிரிவில் வந்தது. 70 கிலோ பிரிவில் ஆடுகிற ஆள், தன்னைவிடக் கனமானவர்களும் மோதுகிற பிரிவில் உலக சாம்பியன் ஆவது சும்மா விஷயமா? 2010-ல் பெல்கிரேடில் இன்னொரு பட்டம். 2015-ல் சொந்த நாட்டுத் தலைநகர் பாகுவில் நடந்த முதல் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம்.

திறக்காத கதவு

இப்போது இன்னொரு காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கராத்தே ஒலிம்பிக் கதவைத் தட்டிய காலண்டர். ஒவ்வோர் ஆண்டிலும் அகாயேவின் வயதையும் சேர்த்துப் படியுங்கள்.

2005, சிங்கப்பூர்: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில் ஸ்குவாஷையும் கராத்தேயையும் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு. போதிய ஆதரவு இல்லை. அகாயேவுக்கு வயது 20.

2009: ரியோ ஒலிம்பிக்குக்கான தேர்வு. கோல்ஃபும் ரக்பியும் உள்ளே போயின. கராத்தே வெளியே. வயது 24.

2013: 2020 ஒலிம்பிக்குக்கான பட்டியல். கராத்தே பாதி வழியிலேயே கழற்றிவிடப்பட்டது. வயது 28.

2016, ரியோ: ஒருவழியாகக் கதவு திறந்தது. கராத்தேயின் தாயகம் ஜப்பான். எனவே டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும் கராத்தேவுக்கு இடம் என்று முடிவானது. வயது 31.

அதே 2016-ன் பிற்பகுதியில், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அகாயேவ் ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். 'நான் இன்னும் இருக்கேன்' என்று சொல்வதுபோல இருந்தது அந்த வெற்றி. ஆனால், ஒலிம்பிக்குக்கு இன்னும் நாலு வருடம். அப்புறம் கொரோனா வந்து அதை ஐந்து வருடமாக்கியது. காலை வாருவதையும், மின்னலாக உள்ளே புகுவதையும் நம்பி ஆடுகிற ஒருவருக்கு 31-க்கும் 36-க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு புள்ளி

2021 ஆகஸ்ட் 6. பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் இரட்டைத் தங்கம் வாங்கிய அதே டோக்கியோ நகரம். ஒரு பிரிவுக்குப் பத்துப் பேர் அளவுக்குத்தான் இடம். 75 கிலோ பிரிவில் 36 வயது அகாயேவ் இறுதிச்சுற்று வரை வந்துவிட்டார். எதிரே இத்தாலியின் லூயிஜி பூசா. சிசிலித் தீவின் அவோலா ஊர்க்காரர், கராத்தே பயிற்சியாளரின் மகன், சின்ன வயதில் குண்டுப் பையனாக இருந்து உழைத்து மேலே வந்தவர். 'அவோலாவின் கொரில்லா' என்பது பட்டப்பெயர். இரண்டு பேருக்கும் வருடக்கணக்கான பழக்கம். ஒருவர் ஆட்டம் இன்னொருவருக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்ட இருவர் மோதினால் புள்ளிகள் கொட்டாது. பூசா 1, அகாயேவ் 0. அவ்வளவுதான் முடிவு. மூன்று நிமிடத்தில் விழுந்தது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒலிம்பிக்கில் அஜர்பைஜானுக்கு மொத்தம் ஏழு பதக்கங்கள், ஒரு தங்கம்கூட இல்லை. அந்த ஒற்றைப் புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால் நாட்டின் கணக்கே மாறியிருக்கும்.

'சரி, அடுத்த முறை பார்த்துக்கலாம்' என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் அடுத்த முறையே கிடையாது.

ஏன் வெளியே போனது?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. டோக்கியோவில் கராத்தே அறிமுகமாவதற்கு முன்பே, 2019 பிப்ரவரியில், பாரிஸ் அமைப்பாளர்கள் தங்கள் பட்டியலை அறிவித்துவிட்டார்கள். பிரேக் டான்ஸ், ஸ்கேட்போர்டிங், மலையேற்றச் சுவர், அலைச்சறுக்கு என நான்கு விளையாட்டுகள் அதில் இருந்தன. கராத்தே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே விவாகரத்து நோட்டீஸ் வந்த மாதிரி! டோக்கியோவில் 67 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஸ்டீவன் டா கோஸ்டா பிரெஞ்சுக்காரர். அவரால் சொந்த மண்ணில் தன் பட்டத்தைக் காக்க முடியாமல் போனது.

காரணங்களை அடுக்கிப் பார்க்கலாம். ஒன்று, கூடுதல் விளையாட்டுகளை முன்மொழிவது போட்டி நடத்தும் நகரம். ஜப்பானுக்குப் பிடித்தது பாரிஸுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. பாரிஸ் தேடியது நகரத்து இளைஞர்களை இழுக்கும் விளையாட்டை. இரண்டு, இடப்பற்றாக்குறை. மொத்த வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. ஜூடோ, டேக்வாண்டோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று மோதல் விளையாட்டுகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவதுதான் முக்கியம். பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். டோக்கியோவில் கனஎடைப் பிரிவு இறுதிச்சுற்றில் என்ன நடந்தது தெரியுமா? சவுதி அரேபியாவின் தாரெக் ஹமீதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உதை, ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயின் தலையில் விழுந்தது. கன்ஜ்சாதே மயங்கிச் சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தங்கம் யாருக்கு? மயங்கி விழுந்தவருக்கு! ஹமீதி தகுதி நீக்கம்.

டி.வி-யில் பார்த்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆனால், கராத்தே தெரிந்தவருக்கு இதில் குழப்பமில்லை. தலைக்கு உதை போகலாம். வேகமும் குறியும் இருக்க வேண்டும். ஆனால், கடைசி நொடியில் பலத்தை அடக்கத் தெரிய வேண்டும். அடக்க முடியாதது இந்த விளையாட்டில் குற்றம். கராத்தேயின் அழகே இந்தக் கட்டுப்பாடுதான். டி.வி-யில் அதை விளங்கவைப்பதும் கஷ்டம்தான்.

2023 அக்டோபரில் நம்ம மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலை முடிவு செய்தது. கிரிக்கெட் உள்ளே வந்ததைக் கொண்டாடினோம். 2005-ல் கராத்தேயோடு சேர்ந்து தோற்ற ஸ்குவாஷும் அன்று உள்ளே வந்தது. கராத்தேவுக்கு மறுபடியும் இடமில்லை. ஸ்குவாஷுக்கும் இந்த வலி தெரியும். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா 1986-ல் பிறந்தவர். அகாயேவைவிட ஒரு வயதுதான் இளையவர். அவருடைய விளையாட்டு ஒலிம்பிக்குக்குப் போகும்போது அவருக்கு 41 வயது ஆகியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஒலிம்பிக்கில் இல்லாவிட்டால் என்ன போச்சு என்று கேட்கலாம். நிறையப் போகும். அரசு உதவி, ஸ்பான்சர், பயிற்சி முகாம், வேலைவாய்ப்பு எல்லாமே ஒலிம்பிக் பட்டியலைப் பார்த்துத்தான் நகர்கின்றன. கதவு மூடினால் பணமும் கவனமும் மெதுவாக வேறு பக்கம் போய்விடும். உலகப் பட்டத்தைக் கனவு காணும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

ஆனால், எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. 1994 ஹிரோஷிமாவில் இருந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் கராத்தே இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப் தொடர்ந்து நடக்கிறது. ஆகவே, பிள்ளையை கராத்தேயில் சேர்க்கும்போது 'இது ஒலிம்பிக்ல இருக்கா?' என்ற ஒரே கேள்வியோடு நிற்காதீர்கள். 'மாஸ்டர் பெல்ட்டை சீக்கிரம் குடுக்குறாரா, நிதானமா குடுக்குறாரா? அடிக்கச் சொல்லிக்குடுக்குறாரா, அடியை நிறுத்தவும் சொல்லிக்குடுக்குறாரா?' என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் பிள்ளைக்கு ஆயுசுக்கும் உதவும்.

பதக்கத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கும் அதே டோக்கியோ மேடையில் ஒரு பதில் உண்டு. அகாயேவ் வெள்ளி வாங்கிய பிரிவில் வெண்கலம் வென்றவர்களில் ஒருவர் உக்ரைனின் ஸ்தானிஸ்லாவ் ஹொருனா. தன் நாட்டில் போர் வந்ததும் 2022-ல் அந்தப் பதக்கத்தை ஏலம் விட்டு, கிடைத்த பணத்தை நாட்டின் படைக்குக் கொடுத்தார். வாழ்நாள் உழைப்பில் வந்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அது. பதக்கம் போனது, வென்றவர் என்ற பெயர் போகவில்லை.

அகாயேவ் கணக்கும் அப்படித்தான். அவர் உச்சத்தில் இருந்த பத்து வருடங்களில் ஒலிம்பிக் அவரைத் தேடி வரவில்லை. வந்தபோது அவர் கொஞ்சம் முன்னாடியே தயாராகி, கொஞ்சம் களைத்திருந்தார். அதை அவருடைய தோல்வி என்று எழுதிவைப்பது நியாயமாகாது. தன் விளையாட்டை உலகம் கவனிக்காத காலத்திலும் ஒரு மனிதர் பதினைந்து வருடம் அதன் உச்சியிலேயே நின்றிருக்கிறார். யாராவது இனி 'கராத்தேயில் பெரிய ஆள் யாரு?' என்று கேட்டால், தயங்காமல் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.