காலத்தின் மேல் பழி

‘அந்தக் காலம் அப்படி.’ மாஸசூஸெட்ஸ் பியூரிடன்கள் குவேக்கர்களைத் தூக்கிலிட்டதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சரித்திரம் படித்தவர்கள் சொல்லும் சமாதானம் இது. எனக்கு இதில் சம்மதமில்லை. கொலையைக் காலத்தின் தலையில் கட்டிவிட்டால் கொன்றவன் கை சுத்தமாகிவிடுகிறது.

நடந்தது இது. 1656-ல் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற இரு குவேக்கர் பெண்கள் பாஸ்டனில் வந்திறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களை எரித்தார்கள். சூனியக்காரிக்குரிய அடையாளம் உண்டா என்று உடம்பைச் சோதித்தார்கள். யாரும் பேசிவிடக் கூடாதென்று சிறை ஜன்னலைப் பலகையால் அடைத்தார்கள். நாடுகடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-ல் சட்டம் வந்தது. 1659-லிருந்து 1661-க்குள் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவரான மேரி டையரை 1659-ல் தூக்குமரம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தார். 1660 ஜூன் 1-ந் தேதி கொன்றார்கள். வேண்டுமென்றே வந்து செத்தார்கள் என்பதுதான் ஆட்சியாளர்களின் வாதம். இந்த ஆட்சியாளர்கள், தம் மனசாட்சிப்படி தொழ இடம் தேடி இங்கிலாந்தை விட்டு வந்தவர்கள்.

சரி, காலத்துக்கு வருவோம். மேரி டையர் தூக்கிலிடப்படுவதற்கு இரண்டரை வருஷம் முன்னால், 1657 டிசம்பர் 27-ந் தேதி, டச்சுக் குடியேற்றமான நியூ நெதர்லாந்தில் ஃப்ளஷிங் என்ற ஊரில் முப்பது பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். குவேக்கர்களுக்கு யாரும் வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது என்ற கவர்னர் ஸ்டைவஸன்டின் உத்தரவுக்குத் தங்களால் கீழ்ப்படிய முடியாது என்றார்கள். அந்த அன்பு யூதருக்கும் துருக்கியருக்கும்கூட உரியது என்றார்கள். கையெழுத்திட்டவர்கள் குவேக்கர்கள் அல்ல. மனுவை எழுதிய எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார். இவர்களும் அதே காலத்து மனிதர்கள்தாம், அதே பைபிளைப் படித்தவர்கள்தாம்.

பியூரிடன்கள் கேட்டதைச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். தனக்கு மட்டும் கேட்பது சௌகரியம். தான் ஏற்காத கொள்கைக்காரனுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்குச் சுதந்திரம் என்று பெயர்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நண்பனின் புத்தகத்துக்குத் தடை வந்தால் கண்டன அறிக்கையில் நம் பெயர் முதலில் இருக்கும். நமக்குப் பிடிக்காதவனின் புத்தகத்துக்கு வந்தால் ‘அவன் எழுதியதும் அப்படி’ என்கிறோம். பாஸ்டனின் வாதமும் இதுதான்.