குதிகாலுக்கு மேலே ஒரு நாண்

ஏறக்குறைய ஓராண்டுக் காலம் விட்டுவிட்டிருந்த நடைப்பழக்கத்தைச் சென்ற ஆடி மாதத்தில் மீண்டும் மேற்கொண்ட நான், முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் என்று தொடங்கி, அதுவும் அடி தேய்ந்து மெலிந்துபோன செருப்போடு, பத்து நாள் விடாமல் நடந்தேன். பதினோராம் நாள் விடியற்காலையில் கட்டிலை விட்டிறங்கி முதலடி வைத்தபோது, வலது குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே, பின்புறத்தில், முறுக்கேறிய கயிறு ஒன்றை இழுத்துக் கட்டியதுபோன்ற வேதனை உண்டாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி நடந்தபின் தணிந்தது. மறுநாள் அதே வேளையில் திரும்ப வந்தது. வீட்டிலுள்ளோர் நரம்பு பிசகிவிட்டது என்றார்கள், தைலம் தேய்த்தார்கள், காலை அலட்டிக்கொள்ளாமல் இருக்கும்படி அன்போடு வற்புறுத்தினார்கள். மூன்று வாரம் அவ்வாறே இருந்தேன். வலி அறவே நீங்கிற்று. நான்காம் வாரத்தில் நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே பழையபடி வந்து சேர்ந்தது.

நாம் நரம்பு என்று சொல்லும் இதை வைத்தியர்கள் தசைநாண் என்கிறார்கள். கெண்டைக்கால் சதைகள் கீழே ஒன்றுகூடித் திரண்டு குதிகால் எலும்பைப் பற்றும் இந்த நாணே மனித சரீரத்திலுள்ள தசைநாண்களுக்குள் தடிமனானது. கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரால் உலகெங்கும் வழங்குவது. ஓடும்போது நம் உடல் எடையைப்போல் பல மடங்கு சுமையைத் தாங்கும் இதற்கு, எலும்பைப் பற்றும் இடத்திலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. சதை சில வாரங்களில் வலுப்பெறும். நாணோ மாதக் கணக்கில்தான் வலுப்பெறும். ஆகையால் நடையின் அளவைத் திடீரென்று கூட்டுகிறவனுடைய சதை இசைந்தாலும் நாண் இசைவதில்லை. என் தவறு இதுதான்.

இந்த உபாதைக்கு ஓய்வே மருந்து என்னும் எண்ணத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர், சுவீடனின் வடபகுதியில் உமியா நகரத்து அறுவை வைத்தியரான ஹோகன் ஆல்ஃபிரெட்சன். அவருக்கே இந்த வலி இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள விரும்பியபோது அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் அறுவையைத் தவிர்க்க இயலாது என்று கருதி, அதை அறுத்துவிடும் நோக்கத்துடனேயே அவர் காலுக்குக் கடுமையான பயிற்சி கொடுக்க, அறுவதற்கு மாறாக வலி மறைந்தது என்று சொல்லப்படுகிறது. நாள்பட்ட குதிநாண் வலியுள்ள 15 பேருக்கு அவரும் அவருடைய சகாக்களும் அதே அப்பியாசத்தைக் கொடுத்து, 12 வாரத்தில் அத்தனை பேரும் மீண்டும் ஓடத் தொடங்கியதை 1998-இல் வெளியிட்டார்கள்.

எனக்கு இதைக் கற்பித்த இயன்முறை மருத்துவர், படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, நல்ல காலால் எழும்பி, பிறகு எடை முழுவதையும் நோயுற்ற காலுக்கு மாற்றி, குதிகாலை மெல்ல மெல்லப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கச் சொன்னார். முழங்காலை நீட்டியபடி 15 தடவை வீதம் மூன்று சுற்று, சற்றே மடக்கியபடி மூன்று சுற்று, காலையிலும் மாலையிலும்; ஆக நாளொன்றுக்கு 180 தடவை. சிறிது வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. தாங்க முடியாதபோது நிறுத்த வேண்டும். வலி நாண் எலும்பைப் பற்றும் இடத்திலேயே இருந்தால், படிமட்டத்துக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வதே உசிதம் என்றும் எச்சரித்தார்.

ஆனால் முழங்காலுக்குக் கீழே வரும் வலியெல்லாம் இதுவன்று. முன்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுகிலும் பரவி வலித்தால், அது பெரும்பாலும் மிகுதியான ஓட்டத்தால் வந்தது. அளவைக் குறைத்தால் அடங்கும். ஒரே இடத்தில் விரல் வைத்தால் துடிக்கிற வலி, இரவிலும் விடாதது, எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அதற்கு மெய்யாகவே ஓய்வு வேண்டும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் தோன்றி, 'படீர்' என்று ஒலி கேட்டு, நுனிக்காலில் எழும்ப முடியாமற்போனால், நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அவர் பிசைந்து பார்ப்பார். பாதம் அசையாவிட்டால் நாண் அறுந்ததென்றே கொள்வார்.

தைலப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நெடும்பிரயாணத்துக்கோ நீண்ட படுக்கைக்கோ பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்ல இடமுண்டு. அடிபட்ட காலில் இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வலி நேரத்துக்கு நேரம் பெருகி, விரல்கள் மரத்துப்போனால், கட்டை உடனே தளர்த்திவிட்டு, மறுநாள்வரை பொறுக்காமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

நான் எங்கள் வீட்டுத் திண்ணைப் படியிலேயே அப்பியாசத்தைத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் வலி கூடினாற்போலவே தோன்றிற்று. மைத்துனர் விட்டுவிடச் சொன்னார். ஆறாம் வாரத்தில் வலியின்றிச் செய்ய முடிந்தபடியால், முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசியை வைத்துக்கொண்டேன். பத்தாம் வாரத்தில் அது ஐந்து கிலோவாயிற்று. நடையை இப்போது வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இன்று காலை மூன்று கிலோமீட்டர்.