வாயிலில் தொங்கும் ஃப்ளெக்ஸ்

'மறுபயன்பாடு', 'நீடித்த வளர்ச்சி' என்னும் சொற்களைத் தலைப்பிலேயே சுமக்கும் கலைக்காட்சிகள் நம் பல்கலைக்கழகங்களில் பெருகியுள்ளன. உள்ளே கழிவுப் பொருட்களாலான சிற்பங்கள். வாயிலில் பத்தடி ஃப்ளெக்ஸ். காட்சி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பி.வி.சி. பதாகையோ குப்பைமேட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள தடை 100 மைக்ரானுக்குக் குறைவான பதாகைகளுக்கே பொருந்தும். அதைவிடத் தடித்த ஃப்ளெக்ஸ் வாங்கிவிட்டால் சட்டத்துக்கு நிறைவு; பிளாஸ்டிக் முன்னிலும் அதிகம்.

பலகை வெறும் விளம்பரம்தானே என்று பேராசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நுழையாத காவலாளியும் தேநீர்க் கடைக்காரரும் பார்க்கும் ஒரே காட்சிப்பொருள் அதுதான்.

ஆனால் பழைய பொருளில் பலகை செய்வதென்றால் பாட்டில் மூடிகளை ஒட்டி அழகு பார்ப்பது என்றாகிவிட்டது. அருகே சென்றால் வியப்பு. சாலையிலிருந்து பார்த்தால் ஓர் எழுத்தும் புலப்படாது. மூன்று மீட்டர் தொலைவுக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரம் என்பது பலகைத் தொழிலில் பொதுவான கணக்கு. முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து படிக்க வேண்டுமெனில் எழுத்து கால் மீட்டர் உயரம் இருக்க வேண்டும். தமிழிலும் தேவநாகரியிலும் மேலும் கீழும் குறிகள் வருவதால், அந்த அளவை எழுத்தின் உடலுக்கே ஒதுக்க வேண்டும். கட்டட வேலையில் கழித்துப்போட்ட சென்டரிங் பலகைகளின் சிமென்ட் படிந்த சாம்பல் நிறமே நல்ல பின்னணி. எண்ணெய் டின் தகரத்தில் எழுத்துகளை வெட்டி, விளிம்பை மடித்து, மஞ்சள் எனாமல் பூசிப் பலகையிலிருந்து ஓர் அங்குலம் விலக்கிப் பொருத்தினால், வெயில் நகர நகர நிழலும் நகரும். கண்ணை ஈர்க்க அதுவே போதும். தகரத்தைப் பளபளப்பாகவே விட்டால் வெயிலில் கண் கூசி எழுத்து மறைந்துவிடும். காற்று புகுந்து செல்லப் பலகைகளுக்கிடையே இடைவெளியும் வேண்டும்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், புதிய நகருக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் எச்சங்களையும் உடைந்த வளையல்களையும் பீங்கானையும் திரட்டிப் பல ஆண்டுகள் மறைவில் உழைத்தார். அவரது பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பொருளின் பழைய வாழ்வு அழிக்கப்படவில்லை. நம் கண்காட்சிகளில் அதைத்தான் முதலில் துடைத்துவிடுகிறோம்: பலகை எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார் என்ற குறிப்பே இருப்பதில்லை. ஹனீஃப் குரேஷி தெரு ஓவியர்களின் கையெழுத்துப் பாணிகளை எழுத்துருக்களாக்கியபோது, ஒவ்வொன்றுக்கும் அந்த ஓவியரின் பெயரையே இட்டார். ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலையிழந்த அத்தகைய ஓவியர் ஒருவரைத் துறைக்கு அழைத்து, உரிய கூலி தந்து, மாணவரோடு எழுதச் செய்தால் அது பட்டறை வகுப்பும் ஆகும்.

தடை பெரும்பாலும் அலுவலகத்தில்தான். உடைந்த பெஞ்சும் கரும்பலகையும் கிடங்கில் மட்கினாலும், இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கி ஏலம் விடும்வரை மாணவர் தொடக்கூடாது. (ஃப்ளெக்ஸுக்கு ஒரு ரசீது போதும்.) அடுத்த ஏலப் பட்டியல் தயாராகும் முன், நுண்கலைத் துறைக்குத் தேவையானவற்றை எழுத்து மூலம் ஒதுக்கித் தருமாறு துறைத்தலைவர்கள் கேட்கலாம். இறுதியாண்டுக் காட்சிகளுக்கு இன்னும் கால அவகாசம் இருக்கிறது.